அஞ்சு மணிக்கு யோகம்

...அதத்தேண்ணே சொல்லுறேன், உக்காரத் தெரியாம உக்காந்து உக்காந்துதேன் இந்த நாட்டுல பாதிப் பேருக்கு இடுப்பு போகுது. உங்களச் சொல்லல. சரி, உங்களையுஞ் சேத்துத்தேன் சொல்லுறேன், தப்பா எடுத்துக்கிறாதீக. போடிமெட்டுல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டு வாரேன், அந்தத் துணி மூட்டைய மடியில வச்சுக்கிட்டு அதுமேலயே கவுந்து கெடக்கிறீக. கீழ வைங்க. யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாய்ங்க. ஆங்... இப்பக் கால நீட்டுங்க. முன்சீட்டுக்கு அடியில விடுங்க, அந்தாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தூங்குறாரு. முதுகு நேரா. கை ரெண்டும் பக்கத்துல. இதுக்குப் பேரு தண்டாசனம்.

சிரிக்கிறீக பாத்தீகளா. தண்டம்னதும் எல்லாருக்கும் சிரிப்புத்தேன். பிச்சுமணி மாஸ்டர் மொத நாளு வந்து நின்னு, "எல்லாரும் தண்டாசனத்துல ஒக்காருங்கோ"ன்னாரு. எங்க எஸ்டேட்டு லைன் வீட்டுல செபமாலையம்மான்னு ஒரு பொம்பள, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ, வாயி கொஞ்சம் நீளம். "எம் புருசன் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுலதேன் சாமி உக்காந்திருக்கான், அவனக் கூட்டிட்டு வரட்டுமா"ன்னு கேட்டா. கொட்டகையே சிரிச்சுச்சு. மாஸ்டர் மட்டும் சிரிக்கல. அவரு ரொம்ப நல்ல மனுசண்ணே, யாரு எதுக்குச் சிரிக்கிறாகன்னு வெளங்காது.

மாஸ்டர்னா பள்ளிக்கூடத்து வாத்தியாரு இல்ல. எங்க எஸ்டேட்டு ஆபீசுக்குப் புதுசா வந்த ஹெட்கிளார்க்கு. பாலக்காட்டுல கல்பாத்தி. பேசுறது தமிழுதேன், ஆனா நம்ம தமிழு இல்ல. "கேட்டேளா நல்லமுத்து, அந்தப் பையை இங்க கொண்டாங்கோ"ம்பாரு. நான் யாரத்தேன் இம்புட்டு மருவாதியாக் கூப்பிடுறாருன்னு திரும்பிப் பாப்பேன். நான் அந்த ஆபீசுல பியூனு. தபால் பை தூக்குறது, டீ வாங்கியாரது, அப்புறம்... ஆபீசுல சொல்லுறத லைன்ல போய்ச் சொல்லுறது. அதுதேன் முக்கியமான வேல. ஆபீசர்க பூராம் மலையாளம், லைன்ல பூராம் நம்ம ஆளுக. நடுவுல நானு. எனக்கு மலையாளம் சுத்தமாத் தெரியும்ணே, அத மொதல்லயே சொல்லிர்றேன். யாராச்சும் உங்ககிட்ட வந்து நல்லமுத்துக்கு மலையாளம் தெரியாதுன்னு சொன்னா நம்பாதீக.

என்னது? தேவிகுளமா? ஆமா, பூப்பாறை தாண்டித்தேன். இன்னும் நேரமிருக்கு. மூட்டைய ஏன் மறுபடி எடுக்கிறீக.

எனக்கு இடுப்பு போச்சுண்ணே. தபால் பையத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறி எறங்கி. ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்தாக, தைலம் குடுத்தாக, போடியில போயி நரம்பு நீவிக்கிட்டேன், ஒண்ணுத்துக்கும் கேக்கல. மாஸ்டர் பாத்தாரு. "நல்லமுத்து, நீர் நிக்கறதே தப்பாக்கும்"ன்னாரு. எனக்குக் கோவம். பெறந்ததுல இருந்து நின்னுக்கிட்டிருக்கேன், அது தப்பாம்ல. அப்புறம் ஆபீசு வராந்தாவுலயே நிப்பாட்டி வச்சு, ரெண்டு காலுக்கும் ஒண்ணுபோல பாரம் குடு, தோளத் தளத்து, தாடைய உள்ள வாங்கு... அதுக்குப் பேரு தாடாசனம். சும்மா நிக்கிறதுக்கு ஒரு பேரு. ஆனா பாருங்க, மாசம் திரும்புறதுக்குள்ள இடுப்பு வலி போச்சு. பொய் சொல்லல. அத வச்சுத்தேன் எனக்கு அவரு மேல ஒரு இது.

அப்புறம் வேலை விட்டப்புறம், காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற மஸ்டர் கொட்டகையில எல்லாருக்கும் நடத்துறேன்னாரு. மேனேஜர் தொரையும் சரின்னுட்டாரு. கொழுந்துக் கூடை சுமக்கிற சனம், எல்லாருக்கும் கழுத்து வலி முதுகு வலிதேன? வந்தாக. ஆனா மாஸ்டர்கிட்ட ஒரு கொற. ஆரம்பம் சரியா இல்லாம அடுத்ததுக்குப் போக மாட்டாரு. நிக்கிறது ஒண்ணு, கால நீட்டி உக்கார்றது ஒண்ணு, சம்மணம் ஒண்ணு, முட்டி போட்டு உக்கார்றது ஒண்ணு, மல்லாக்கப் படுக்கிறது ஒண்ணு, குப்புறப் படுக்கிறது ஒண்ணு. இதுலயே நிக்குது வண்டி. தலைகீழா நிக்கிறது, வில்லா வளையிறதெல்லாம் எப்பன்னு கேட்டா, "ஆரம்ப நிலை சரியாயிடுத்துன்னா பாக்கியெல்லாம் தன்னால வரும்"பாரு. எங்க வந்துச்சு. நின்னோம், உக்காந்தோம், படுத்தோம். அதத்தேன் சாமி நாங்க எங்க வீட்லயே செய்யிறோமேன்னு ஆம்பளைக பாதிப்பேரு நின்னுட்டாய்ங்க.

பொம்பளைகளுக்கு முட்டி போடுறது பிடிச்சுச்சு. வஜ்ராசனம். செபமாலையம்மா, "இது எங்க கோயில்ல போடுற முழங்காலு, இதுக்கு எதுக்கு மாஸ்டரு"ன்னு சொல்லிட்டு, கண்ண மூடி அவ பாட்டுக்கு செபமாலை சொல்ல ஆரம்பிச்சிருவா. மாஸ்டர் அதுக்கும் ஒண்ணும் சொல்லல. மூச்சு சீரா இருக்குன்னு சந்தோசப்பட்டாரு.

ஆனா எல்லாருக்கும் உசிரு எதுலன்னா சவாசனத்துல. மல்லாக்கப் படுத்து, கையக் கால விட்டுட்டு, கண்ண மூடிக் கெடக்கிறது. மொதல்ல பேரச் சொன்னதும் கெழடுக எல்லாம் எச்சி துப்புச்சுக. உசிரோட இருக்கிற ஆளப் பொணமாப் படுங்கிறதான்னு. அப்புறம் நாந்தேன் அதுக்கு, 'அசந்து படுக்கிறது'ன்னு பேர மாத்திவிட்டேன். ஆளாளுக்குக் கம்பளி கொண்டாந்து விரிச்சு, இழுத்து மூடிக்கிட்டு படுத்தாக. காலையில இருந்து மலையில நின்ன ஒடம்பு. கண்ண மூடுன ஒடனே கொறட்டை. மாஸ்டர் சமஸ்கிருதத்துல எதையோ சொல்லிக்கிட்டு நடப்பாரு, சனம் தூங்கும். அம்புட்டு சொகம்ணே. எஸ்டேட்டுல பகல்ல படுக்கிறதுக்கு அனுமதி குடுத்த மொத மனுசன் அவருதேன்.

ஆனா அதுல ஒரு கண்டிசன் இருக்கு. படுத்து எந்திரிக்கும்போது படக்குன்னு எந்திரிக்கக் கூடாது. மொதல்ல விரல அசைக்கணும். அப்புறம் வலது பக்கமா ஒருக்களிச்சு, முட்டிய மடக்கி, கைய ஊனி, பையத்தேன் எந்திரிக்கணும். இல்லன்னா நெஞ்சுக்குக் கேடாம். மாஸ்டர் இத எங்கிட்ட அழுத்திச் சொன்னாரு. ஏன்னா நான் மானிட்டரு. ஆமாண்ணே, எல்லார் முன்னாலயும் சொன்னாரு, "நல்லமுத்து தான் இந்த வகுப்புக்கு மானிட்டர்"ன்னு. நான் அந்தப் பொறுப்ப ஒரு நாளும் வீண் பண்ணல. வலது பக்கம் திரும்பாம எவன் எந்திரிச்சாலும் விட மாட்டேன்.

என் வீட்டுக்காரி ராமுத்தாயி மட்டும் வரல. கூப்பிட்டேன். "நான் நாள் பூராம் தரையிலதேன் உக்காந்திருக்கேன், எனக்கு ஒருத்தரு சொல்லித் தரணுமா"ன்னுட்டா. அவ கிரஷ்ல ஆயா. கொழுந்துக்குப் போற பொம்பளைக கைப்பிள்ளைகள விட்டுட்டுப் போவாகல்ல, அந்தக் கொட்டகை. அவளும் மொதல்ல கொழுந்துதேன் எடுத்தா. ஒரு மழைக்கு மேட்டுல சறுக்கி முட்டி போச்சு. மடக்குனா நீட்ட வராது, நீட்டுனா மடக்க வராது. அதப் பாத்துத்தேன் இந்த வேலையப் போட்டுக் குடுத்தாக. அது அவளுக்கு ஆகிவந்துச்சுண்ணே. எங்களுக்குப் பிள்ளையில்ல, அதையும் சொல்லிர்றேன். அங்கின இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அவளத்தேன் மொதல்ல அம்மாங்கும். பெத்தவளுக அதுக்கு ஒரு சண்டை போடுவாளுக. இவ அதக் கேட்டுக்கிட்டே வீட்டுக்கு வருவா, மூஞ்சில அம்புட்டு வெளிச்சம் இருக்கும்.

இருங்க, இப்பத்தேன் விசயத்துக்கு வாரேன். கொட்டாவி விடும்போது வாய நல்லாத் தொறந்து விடுங்க, அடக்குனா மூச்சுக்குக் கேடு.

கல்பாத்தியில தேரு. அதுக்கு மாஸ்டர் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. போகும்போது எங்கிட்ட, "வகுப்பு நிக்கப்படாது, நீர் பாத்துக்கோளும்"ன்னாரு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு சரின்னேன். மறுநாளு வெல்பேர் ஆபீசரு என்னக் கூப்பிட்டாரு. கோட்டயத்துக்காரரு. "நல்லமுத்து, நாளெ அஞ்சு மணிக்கு யோகம் உண்டு. எல்லாரும் வரணும். ஒராளு விடாம பறயணும், கேட்டோ"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க. யோகம்னா என்ன? நம்ம பேச்சுல யோகம்னா அதிர்ஷ்டம். அதுக்கு அஞ்சு மணி ஆறு மணின்னு நேரம் கெடயாது. அத விட்டா இன்னொரு யோகம், மாஸ்டர் நடத்துறது. அதுவும் அஞ்சு மணிதேன், அதே கொட்டகைதேன். நான் என்ன நெனப்பேன்? மாஸ்டர் இல்லாத நேரத்துல நான் ஒழுங்கா நடத்துறேனான்னு பாக்க வாராகன்னு நெனச்சேன். லைன் லைனாப் போனேன். "நாளைக்கு அஞ்சு மணிக்கு யோகம், ஆபீசரே வாரார், ஒரு ஆள் கொறையக் கூடாது, கம்பளி கொண்டாரணும், வயித்த நெறைக்காம வரணும்"ன்னு சொன்னேன். நின்னு போன ஆம்பளைகளையும் மெரட்டிக் கூட்டியாந்தேன்.

மலையாளத்துல யோகம்னா கூட்டமாம்ணே.

எனக்குத் தெரியாம இல்ல. தெரியும்... எங்கயோ கேட்டிருக்கேன். ஆனா இது எமர்ஜென்சி நேரம், கூட்டம்ங்கிற வார்த்தையவே எல்லாரும் மறந்து போயி இருக்கோம். யூனியன் ஆபீசக் கூடப் பூட்டி வச்சிருக்காக, கொடி உள்ள சுருட்டிக் கெடக்கு. அந்த நேரத்துல போயி ஒரு ஆபீசரே கூட்டம் போடுவாருன்னு எவன் கண்டான்? கூட்டம்னா கூட்டம்னு சொல்லணும். மீட்டிங்குன்னாச்சும் சொல்லணும். யோகமாம், கேட்டோவாம்.

மறுநாளு நல்ல மழை. ஐப்பசி மழை அந்தக் கொட்டகைத் தகரத்துல விழுந்தா பக்கத்துல இருக்கவன் பேசுறது கேக்காது. ஆனா சனம் அம்புட்டும் வந்துருச்சு. நான் முன்னால உக்காந்து வரிசையா நடத்துனேன். நிக்க வச்சேன், உக்கார வச்சேன், முட்டி போட வச்சேன். எம் பேச்சுக்கு அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோல மடங்குறதும் நிமிர்றதும்... எனக்குப் பெருமையா இருந்துச்சுண்ணே, பொய் சொல்லக் கூடாது. கடைசியா சவாசனம். எல்லாரும் கம்பளிய மூடிப் படுத்தாச்சு. அந்த நேரம் பாத்து வெல்பேர் ஆபீசரு குடையோட வாரார். கூட கொச்சியில இருந்து வந்த ஒரு பெரிய ஆபீசரு, கோட்டு சூட்டு.

வெல்பேர் ஆபீசரு அப்பிடியே நின்னுட்டாரு. "நல்லமுத்து, இது எந்தா?"ன்னாரு. நான் வாயில விரல வச்சு, "யோகம் சார்"ன்னேன். "இது தன்னெ யோகம்?"ன்னாரு. "இதுதேன் சார் யோகம், எல்லாரும் வந்தாச்சு"ன்னேன். அவரு மொகம் ஒரு மாதிரி ஆச்சு. ஆனா அந்தப் பெரிய ஆபீசரு இருக்காருல்ல, சுத்திப் பாத்துட்டு, "டிசிப்ளின்"ன்னாரு. எங்கிட்டு பாத்தாலும் சனம், ஒருத்தர் சத்தம் போடல, ஒருத்தர் கோசம் போடல. இப்பிடி ஒரு தொழிலாளிய அவரு அது வரைக்கும் பாத்ததில்ல போல. என்னப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. எனக்குக் குளுந்து போச்சு.

அப்புறம் வெல்பேர் ஆபீசரு ஒரு காகிதத்தப் பிரிச்சுப் படிச்சாரு. மலையாளந்தேன். மழைச் சத்தம், அதுல பாதி கொறட்டை. கிரஷ்னு ஒரு வார்த்த விழுந்துச்சு, குட்டிகள்னு விழுந்துச்சு. சரி, பிள்ளைகளுக்கும் ஆசனம் சொல்லித் தரப் போறாகன்னு நெனச்சேன். மாஸ்டரு சமஸ்கிருதத்துல படிக்கிறது எங்களுக்கு வெளங்குனதா? அது மாதிரின்னு சனமும் படுத்துக் கெடந்துச்சு. கடைசியா பெரிய ஆபீசரு கையத் தூக்கி, என்னமோ உள்ளவுக "எழுந்நேற்று நிக்கணும்"ன்னாரு. அந்த என்னமோதேன் என் காதுல விழல. எதிர்ப்பாம். எதிர்ப்பு உள்ளவுக எந்திரிச்சு நிக்கணுமாம். எந்திரின்னது மட்டும் தெளிவா விழுந்துச்சு.

நீங்களே சொல்லுங்க, படுத்துக் கெடக்கிற ஆளு எந்திரின்னா எப்பிடி எந்திரிக்கணும்? நான் சத்தம் போட்டேன். "யாரும் படக்குன்னு எந்திரிக்கக் கூடாது. விரல அசைங்க. வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. பைய... பைய..."

சனம் பைய வலது பக்கமா ஒருக்களிச்சுச்சு. பெரிய ஆபீசரு கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு. "ஆரும் இல்லல்லோ"ன்னாரு. காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு. போயிட்டாக. நாங்க கைய ஊனி எந்திரிச்சு உக்காரும்போது ஜீப்பு வளைவு தாண்டிருச்சு.

என்ன தீர்மானம்னா, எங்க கிரஷ மூடிர்றது. பிள்ளைகளக் கீழ் டிவிசன் கிரஷ்ல கொண்டுபோய் விட்டுக்கிறது. தொழிலாளிகளுக்கு முழுச் சம்மதம். அதுக்கு மேல பெரிய ஆபீசரு சேத்த ஒரு வரி, மூடுற கட்டடத்த யோகாசனத்துக்கு விட்டுர்றதாம், தொழிலாளிகளுக்கு அதுல அம்புட்டு ஆர்வம் இருக்கிறதக் கண்ணால பாத்தாராம்.

இப்ப பொம்பளைக விடியிறதுக்கு முன்னால பிள்ளையத் தூக்கிக்கிட்டு, அந்தச் சரிவுல எறங்கி, கீழ விட்டுட்டு, திரும்ப மூச்சு வாங்க ஏறி மஸ்டருக்கு வாராளுக. லேட்டானா பேரு கெடயாது, அன்னைக்குக் கூலியும் போச்சு. செபமாலையம்மா மக பிள்ளைக்கு இந்தக் குளுர்ல நெஞ்சுச் சளி. என்னப் பாத்தா எல்லாரும் வலது பக்கமாத் திரும்பிக்கிறாளுக. நையாண்டி பண்ணுறாளுகளாம். ராமுத்தாயி மறுபடி கூடையத் தூக்கிட்டா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு மேட்டுல நிக்கிறா. ராவைக்கு வெந்நி ஒத்தடம் குடுக்க நான் கையக் கொண்டுபோனா, தள்ளி விடுறா.

மாஸ்டர் தேர் பாத்துட்டு வந்தாரு. கட்டடத்தப் பாத்து மொதல்ல சந்தோசப்பட்டாரு, பாவம். வெவரம் தெரிஞ்சப்புறம் அவரு மொகத்துல ஈயாடல. ஆனாலும் அஞ்சு மணிக்கு வெளக்கப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. நான் போறேன், மானிட்டராச்சே. வேற ஒரு ஈ காக்கா வரதில்ல. அவரு ஒரு மூலையில, நான் ஒரு மூலையில. சவாசனத்துல படுத்துக் கண்ணத் தொறந்தா மேல உத்தரத்துல தொட்டில் கட்டுன கொக்கி பூராம் அப்பிடியே தொங்குது. மாஸ்டர் கண்ண மூடும்பாரு. எங்க மூடுறது. பைய எந்திரிச்சா நெஞ்சுக்குக் கேடில்லைன்னு சொன்ன ஆசனத்துலயே நெஞ்சு அடைக்குதுண்ணே.

இன்னைக்குக் கவர்மெண்டு லேபர் ஆபீசரு தேவிகுளம் வாராராம். அவருகிட்டச் சொல்லி மறுபடி ஒரு யோகம்... கூட்டம், கூட்டம் போடச் சொல்லணும். சம்மதம் குடுக்கலைன்னு சொல்லணும். அவரு கேப்பாரு, அப்ப ஏன் ஒருத்தரும் எந்திரிக்கலைன்னு. அதுக்கு என்ன சொல்லுறது? தூங்கிட்டோம்னா? வலது பக்கமாத் திரும்பிக்கிட்டு இருந்தோம்னா?

...இல்ல, ஒருத்தரும் எந்திரிக்கலைன்னு சொன்னேன்ல. அது அவ்வளவு சரியில்லண்ணே.

ஒருத்தி நின்னா.

பிள்ளைகளக் கூட்டிட்டுப் போக ஒரு தாயும் வரல, எல்லாரும் மஸ்டர் கொட்டகையிலதேன் படுத்துக் கெடக்காளுக. அதுனால ராமுத்தாயி ஒண்ண இடுப்புலயும் ஒண்ணக் கையிலயும் பிடிச்சுக்கிட்டுக் கொட்டகைக்கே வந்துட்டா. தூண் பக்கத்துல நின்னா. அவளுக்கு மலையாளம் வெளங்கும். ஆயா வேலைக்கு மலையாள நர்சுதேன் அவளுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. ஆபீசரு எந்திரிச்சு நிக்கச் சொன்னதும், நிக்கிறவ இன்னும் ரெண்டு எட்டு முன்னால வந்து, "சார்"ன்னா. அவ்வளவுதேன் சொன்னா. நான்... அம்புட்டுச் சனமும் என் பேச்சுக்குப் படுத்துக் கெடக்கு, பெரிய ஆபீசரு டிசிப்ளின்னு சொல்லிட்டாரு, சொந்தப் பொண்டாட்டி மட்டும் நடுவுல நெட்டுக்குத்தலா நின்னா எனக்கு என்ன மருவாதி? "ஏய், யோகத்துல நிக்கக் கூடாது. உக்காரு"ன்னேன்.

என்னப் பாத்தா. அப்புறம் பத்துப் பேரு பாக்க புருசன் சொல்லுறானேன்னு, அந்த மடங்காத முட்டிய மடக்கி, பிள்ளையோட தரையில உக்காந்துட்டாண்ணே.

வாழ்க்கப்பட்டு வந்ததுல இருந்து அவ என் பேச்சக் கேட்டது அன்னைக்கு ஒரு நாளுதேன்.

அந்தா, முன்னால பொம்பளைக சீட்டுல, நீலச் சேலை, கம்பளியத் தோள்ல போட்டிருக்கா பாருங்க. அவதேன். பேச வேண்டியது அவதேன் பேசப் போறாளாம். ஆபீசுல வந்து நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தேன் கூட்டிட்டு வாரா. அதேன் உங்ககிட்ட இப்பவே பேசித் தீத்துக்கிட்டேன். நீங்க எங்க எறங்கணும்னு கூடக் கேக்கல பாருங்க. பூப்பாறையா? அது எப்பவோ போயிருச்சேண்ணே, மொதல்லயே சொல்லக் கூடாதா. பேசாமயே வந்தீக.

இந்தா தேவிகுளம் வந்துருச்சு. வண்டி இன்னும் நிக்கல, வளைவு வேற, அதுக்குள்ள கம்பியப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறா பாருங்க, அந்தக் காலோட. விழுந்துருவாளோன்னு இருக்கு. உக்காருன்னு நாக்கு நுனி வரைக்கும் வருதுண்ணே. சொல்ல மாட்டேன்.